பாண்டீஸ்வரி சொன்ன வழி

போடிமெட்டில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் டீக்கடையில் நின்று கேரளக் கடற்கரைக்கு வழி கேட்டால், பாண்டீஸ்வரி பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லிவிடுவாள். சித்திரை, வைகாசியில் போக வேண்டாம், வெக்கை ஆளை உருக்கிவிடும். ஆனி, ஆடியில் போனால் மழையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம், ஆனால் மார்கழியில் ஐயப்பசாமிக் கூட்டம், பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நிற்க வேண்டும். ஆதார் கார்டு இல்லாமல் லாட்ஜில் அறை கிடைக்காது. ஓட்டலில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம், மரப்பட்டை போட்டுக் காய்ச்சியது. படகு வீடுதான் வேண்டும் என்று காசைக் கொட்ட வேண்டாம், ஊர்ச் சனங்கள் போகிற சர்க்கார் போட்டில் ஏறி உட்கார்ந்தால் அதே தண்ணீர், அதே தென்னைமரம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மட்டும் நிற்கவே கூடாது.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆற்றி நீட்டியிருப்பாள். கேட்டவர்கள் போனில் குறித்துக்கொள்வார்கள். திரும்பி வரும்போது அதே கடையில் வண்டியை நிறுத்தி, அக்கா சொன்னது அப்படியே இருந்தது என்று சொல்லி இன்னொரு டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

பாண்டீஸ்வரிக்கு நாற்பத்து மூன்று வயது. கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. விடிகாலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் அவளும் ஏறி வருவாள். ஜீப்பை ஓட்டுகிறவன் அவள் புருஷன் பாண்டித்துரை. அவளை மெட்டில் இறக்கிவிட்டு, பெண்களைப் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் விட்டு வருவான். சாயங்காலம் வேலை விட்டு வரும் ஜீப்பிலேயே அவளும் கடையைச் சாத்திவிட்டுக் கீழே இறங்குவாள். இப்படி ஏறி இறங்கிய வாழ்க்கையில் அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

தெரிந்ததெல்லாம் கேட்டுத் தெரிந்ததுதான். மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற மலையாளத்துக் குடும்பங்கள் அவள் கடையில் நிற்கும். எங்கேயிருந்து வருகிறீர்கள், எந்த வண்டியில் வந்தீர்கள், உங்கள் ஊரில் இப்போது மழையா வெயிலா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். மலையாளம் அவளுக்குக் கடையிலேயே படிந்த பாஷை. மேற்கேயிருந்து வருகிறவர்களிடம் வாங்கியதைக் கிழக்கேயிருந்து வருகிறவர்களுக்குக் கொடுத்தாள். அங்கே போயிருக்கிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. போயிருக்கிறாயா என்று யாரும் கேட்டதுமில்லை.

போன பொங்கல் லீவில் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் மனைவியோடும் இடுப்புக் குழந்தையோடும் பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடித்தார். பெயர் சுருளிவேல், தேனியில் செல்போன் கடை வைத்திருப்பவர். மனைவி அமுதவள்ளிக்கு ரொம்ப நாள் ஆசையாம், ஆலப்புழைக்குப் போகிறார்களாம். எர்ணாகுளத்திலிருந்து ரயிலில் போகலாமா என்று கேட்டார். பாண்டீஸ்வரிக்கு அது பிடித்துப்போயிற்று.

“ரயில்லயே போங்கண்ணே. போட்டு ஏறுற எடம் ஸ்டேஷன ஒட்டித்தான் இருக்கு. எறங்கி நடந்தாப் போதும், ஆட்டோ கீட்டோ வேணாம்” என்றாள்.

நாலு நாள் கழித்து அதே மூவரும் திரும்பி வந்த பஸ் கடை முன்னால் நின்றது. அமுதவள்ளியின் வலது காலில் துணி சுற்றியிருந்தது. ஒரு செருப்பு புதிது, இன்னொரு கால் வெறுங்கால். பாண்டீஸ்வரி பதறிப்போய் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அமுதவள்ளி சிரித்துக்கொண்டே சொன்னாள். ஸ்டேஷனில் இறங்கியதும் நடக்க ஆரம்பித்தார்களாம். யாரைக் கேட்டாலும் முன்னால் கையைக் காட்டினார்களாம். ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கூப்பிட்டார்களாம். சுருளிவேல் எல்லோரையும் அனுப்பிவிட்டாராம். மெட்டில் அந்த அக்கா ஒட்டித்தான் என்று சொல்லியிருக்கிறது, இவர்கள் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றாராம். உச்சி வெயிலில் நாலு கிலோமீட்டர். பாதி வழியில் செருப்பு அறுந்தது, கால் கொப்பளித்தது, குழந்தை வாந்தி எடுத்தது. போய்ச் சேர்ந்தபோது இவர்கள் ஏற இருந்த போட்டு கிளம்பிவிட்டது. லாட்ஜில் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு வருகிறார்கள்.

சுருளிவேலுக்குக் கோபம் இருந்ததாகவே தெரியவில்லை. காசை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு, டீயை ஊதிக்கொண்டே யோசனையாகக் கேட்டார்.

“நீங்க எந்த வருசம் போனீகக்கா? ஒருவேளை அதுக்கப்புறம் ஸ்டேஷன எடம் மாத்திட்டாகளோ?”

டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்கள் ஏறிப் போனார்கள். பாண்டீஸ்வரி கையில் வடிகட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள், அத்தோடு போயிருக்கும். அவளைக் காப்பாற்ற அந்த மனிதர் ஒரு ரயில்வே ஸ்டேஷனையே நகர்த்தப் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு முழுக்க யோசித்துப் பார்த்தாள். கோட்டயத்துக்காரர் ஒருவர் வேனில் வந்தபோது சொன்னது. அவர் சொன்னது ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டை ஒட்டி என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கூட்டம், பால் பொங்கியது, அவள் காதில் ஸ்டேஷன் என்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு அதைச் சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

சாயங்காலம் ஜீப் கீழே இறங்கியது. பின்னால் பன்னிரண்டு பெண்கள். மூன்றாவது வளைவில் பாண்டீஸ்வரி புருஷனிடம் சொன்னாள்.

“நான் மூணு நா ஆலப்புழைக்குப் போயிட்டு வர்றேன்.”

பாண்டித்துரை அந்த வளைவை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். கடையை யார் பார்ப்பது என்று கேட்டான். நீங்கதான் என்றாள். தனக்கு ஜீப் சோலி இருக்கிறதே என்றான்.

“காலையில ஆள எறக்கிவிட்டா சாயங்காலம் வரைக்கும் ஜீப்பு சும்மாதான நிக்குது. கூடவே நீங்களும் சும்மாதான நிக்கிறீக.”

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு குரல் வந்தது. “மதினி, நானும் வர்றேன்.”

கருத்தம்மாவின் குரல் அது. பாண்டீஸ்வரிக்கு எட்டு வயது மூத்தவள். முப்பது வருஷமாக ஏலச்செடிக்குக் கீழே குனிந்து காய் எடுத்தவள். ஒரு முழங்கால் மடங்காது. புருஷன் இல்லை, மகள் திருப்பூரில். பூப்பாறையைத் தாண்டி மேற்கே ஓரடி வைத்ததில்லை. தோட்டத்தில் ஒரு சுற்றுக் காய் எடுத்து முடித்தாயிற்று, அடுத்த சுற்றுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, வீட்டில் இருந்தால் முழங்காலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று அவளே காரணமும் சொல்லிவிட்டாள்.

தை கடைசியில் கிளம்பினார்கள். ஊருக்கெல்லாம் சொன்ன பட்டியலைப் பாண்டீஸ்வரி இப்போது தனக்கே சொல்லிக்கொண்டு எடுத்து வைத்தாள். ஆதார் கார்டு, குடை, சீக்கிரம் காய்கிற சேலை, பழைய செருப்பு, ஈரத்துணி போட ஒரு பை. கருத்தம்மா மூன்று நாளைக்குப் புளிச்சோறும் கால் கிலோ ஏலக்காயும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏலக்காய் எதற்கு என்றால், வெறுங்கையோடு ஒரு ஊருக்குள் போக முடியுமா என்றாள்.

பூப்பாறையில் பஸ் ஏறி, மூணாறில் மாறி, எர்ணாகுளம் பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். அடிமாலி வரைக்கும் ஸ்வெட்டர் போட்டிருந்த கருத்தம்மா, நேரியமங்கலத்தில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அதைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். கோதமங்கலத்தில் சாப்பிட நிறுத்தினார்கள். தம்ளரில் ரோஸ் தண்ணீர் வந்தது. கருத்தம்மா அதைத் தொடவில்லை. பாண்டீஸ்வரி நன்றாகப் பழகினவளைப் போல் மடமடவென்று குடித்துக் காட்டினாள். அவளும் அதை அன்றைக்குத்தான் முதலில் குடிக்கிறாள் என்பது கருத்தம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தைரியத்தைப் பார்த்து அவளும் குடித்தாள்.

எர்ணாகுளத்தில் இன்னொரு பஸ் மாறி, ஆலப்புழை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி நாலு. பாண்டீஸ்வரி பையைக் கூடச் சரியாகப் பிடிக்காமல் சாலையைப் பார்த்தாள். எதிரே வாய்க்கால். வாய்க்காலில் வரிசையாகப் போட்டுகள். கோட்டயத்துக்காரர் சொன்னபடியே ஸ்டாண்டை ஒட்டித்தான் இருந்தது. ஒரு குழந்தை கூடத் தனியாக நடந்துவிடலாம்.

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு வந்ததும், ஸ்டேஷனுக்கு நடந்து போக வேண்டும் என்றாள். கருத்தம்மாவுக்குப் புரியவில்லை. ரயில் ஏறப்போவதில்லையே, பிறகு எதற்கு என்று கேட்டாள். அந்தப் பெண் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று பாண்டீஸ்வரி சொன்னாள். கருத்தம்மா ஒரு கிலோமீட்டர் கூடவே நடந்து பார்த்தாள். பிறகு ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டு, ஸ்டேஷனில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாண்டீஸ்வரி தனியாக நடந்தாள். வாய்க்கால் ஓரமாக நிழல் இருந்தது, வெயிலும் இறங்கியிருந்தது, கையில் குழந்தை இல்லை, காலில் செருப்பு முழுசாக இருந்தது. அப்படியும் ஸ்டேஷன் வருவதாகக் காணோம். யாரைக் கேட்டாலும் நேரே போகச் சொன்னார்கள். முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. போய்ச் சேர்ந்ததும் கருத்தம்மா பக்கத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, போனை எடுத்து, சுருளிவேல் காசு அனுப்பிய கணக்கிலிருந்து அவர் நம்பரைத் தேடிக் கூப்பிட்டாள்.

தான் யார் என்று சொன்னாள். அவருக்கு ஞாபகம் இருந்தது.

“அண்ணே, ஸ்டேஷன எல்லாம் யாரும் மாத்தல. நான்தான் ஸ்டாண்டுன்னு சொல்ல வேண்டியத ஸ்டேஷன்னு சொல்லிட்டேன். நான் இந்தப் பக்கம் வந்ததே கெடையாதுண்ணே. இன்னிக்குத்தான் வந்திருக்கேன். அந்தத் தூரத்த நடந்து பாத்துட்டுப் பேசுறேன்.”

அந்தப் பக்கம் சுருளிவேல் சிரிக்கிற சத்தம் கேட்டது. நடந்தா போனீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். போன் கை மாறியது. அமுதவள்ளி பேசினாள். கால் ஆறிவிட்டதாம், குழந்தை நன்றாக இருக்கிறதாம். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

“அக்கா, கடலு அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்துலதானாம், அப்புறம் சொன்னாக. நாங்க அதுக்கு எதுத்த பக்கமா நடந்துட்டோம். பாக்காமலே வந்துட்டேன். எப்பிடிக்கா இருக்கு?”

“இன்னும் பாக்கல ஆத்தா. இனிமேத்தான் போறேன். பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள் பாண்டீஸ்வரி.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரை நிஜமாகவே பக்கம்தான். சவுக்கு மரங்களைத் தாண்டும்போதே ஏதோ லோடு லாரி விடாமல் மேடேறுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. ரோட்டில் லாரி எதையும் காணோம். பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளிடம் கடலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அலை எத்தனை அடி, எந்த நேரத்தில் இறங்கலாம், மணல் எங்கே சுத்தம், எல்லாம் சொன்னார்கள். இப்படிச் சத்தம் போடும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

மணலில் கால் வைத்ததும் பாண்டீஸ்வரி நின்றுவிட்டாள். வெயில் சரிந்து தண்ணீர் முழுக்கத் தகரம் போல் மின்னியது. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. மலையில் எங்கே நின்று பார்த்தாலும் எதிரே இன்னொரு மலை இருக்கும், அதில் ஒரு கொட்டகை இருக்கும், புகை இருக்கும். இங்கே கண் போய்த் தங்க ஓர் இடமில்லை. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லி அனுப்பியவளுக்கு அடுத்த அடி வைக்கக் கால் வரவில்லை.

கருத்தம்மா அப்படி எதுவும் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மடங்காத காலை இழுத்து இழுத்து நேராகப் போய், முழங்கால் நனைகிற வரைக்கும் தண்ணீரில் நின்றாள். ஓர் அலை வந்து போனது. அவள் திரும்பிப் பார்த்து, முழங்காலுக்கு இதமாக இருக்கிறது என்று கத்தினாள்.

அதைக் கேட்டுப் பாண்டீஸ்வரியும் தண்ணீர் ஓரம்வரை இறங்கி, அமுதவள்ளிக்கு அனுப்புவதற்காகப் போனை எடுத்தாள். கடலும் தானும் சேர்ந்து படத்தில் விழ வேண்டும் என்று போனை நீட்டிப் பிடித்தபடி திரும்பி நின்றாள். திரும்பி நின்ற மறுநொடி இடுப்புவரை நனைந்தாள். செருப்பில் ஒன்று போயே போய்விட்டது. போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றியதுதான் மிச்சம். கருத்தம்மா தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்தில் வேர்க்கடலை விற்கிற ஆளும் சிரித்தார். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது என்று அவர் மலையாளத்தில் சொல்ல, பாண்டீஸ்வரி அது தனக்குத் தெரியும் என்று மலையாளத்திலேயே பதில் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துப் பாண்டித்துரையின் போன் வந்தது. சர்க்கரை டப்பா எங்கே என்று காலையிலிருந்து ஐந்து தடவை கூப்பிட்டிருந்தான். இப்போது கேட்டது சர்க்கரையைப் பற்றி இல்லை. கொச்சிக்குப் போகிற ஒரு குடும்பம் கடையில் நிற்கிறதாம், பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்று கேட்கிறார்களாம், என்ன சொல்ல என்றான். பாண்டீஸ்வரி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, கணுக்காலுக்கு மேல் இறக்க வேண்டாம், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். பின்னால் கேட்கிற இரைச்சல் என்ன என்று அவன் கேட்டான். அவள் போனைக் கடலைப் பார்த்துப் பிடித்தாள். அவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலை லாட்ஜைக் காலி செய்துவிட்டு, பையோடு போட்டில் ஏறினார்கள். நெடுமுடிப் பக்கம் போய்விட்டு அதே போட்டில் திரும்பி, மத்தியானம் பஸ் ஏறுவதாகத் திட்டம். பாண்டீஸ்வரி புதுச்செருப்பு போட்டிருந்தாள். உள்ளே பார்த்தால் அது டவுன் பஸ் மாதிரியே இருந்தது. மார்க்கெட் கூடை, பள்ளிக்கூடப் பைகள், கேஸ் அடுப்பு ஒன்று, கட்டிய கோழி இரண்டு. ஜன்னலுக்கு வெளியே வீடுகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தன. வயலும் அப்படியே. வரப்புக்கு இந்தப் பக்கம் மேலே போட்டு போகிறது, அந்தப் பக்கம் கீழே நெற்பயிர் நிற்கிறது. கருத்தம்மா அதைப் பார்த்து, வரப்பு உடைந்தால் என்ன செய்வார்கள் என்று வழி முழுக்கக் கவலைப்பட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் அவர்கள் பையையே மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய்விட்டே கேட்டாள், உள்ளே ஏலக்காயா என்று. பெயர் ரோசம்மா. ஐம்பது வயதிருக்கும். புருஷன் வாத்து வளர்க்கிறவர். இவர்கள் போடிமெட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும் அவள் இடம் மாறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய மகளிர் குழுவில் பதினாலு பேர் சேர்ந்து இரண்டு வருஷமாக மலைக்குப் போகத் திட்டம் போடுகிறார்களாம். ஒருவருக்கும் எதுவும் தெரியாது. யாரைக் கேட்டாலும் டீத்தோட்டத்து முன்னால் நின்று எடுத்த படத்தைத்தான் காட்டுகிறார்கள். எந்த மாதம் போவது, என்ன போட்டுக்கொள்வது, ஒன்றுக்குப் போக வழியில் இடம் உண்டா என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். திறந்தவள் நெடுமுடி வரைக்கும் மூடவில்லை.

இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். போட்டு திரும்புவதற்காக நின்றபோது டிக்கெட் கொடுப்பவர் போனைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். ரோசம்மா இறங்கப் போனவள் நின்றாள்.

“நாளைக்கு ஹர்த்தாலாணு. பஸ்ஸில்லா, போட்டில்லா, ஒரு கடையும் தொறக்கில்லா” என்றாள்.

இந்த மத்தியானம் பஸ் பிடித்தாலும் மூணாறு போய்ச் சேர இருட்டிவிடும், அங்கிருந்து மேலே வண்டி கிடையாது. நாளை முழுக்க வழியில் எங்கேயாவது அடைபட வேண்டும், சாப்பாடும் கிடைக்காது. பாண்டீஸ்வரிக்குத் திக்கென்றது. ஹர்த்தால் என்ற சொல்லைக் கேட்டிருக்கிறாள். ஆனால் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களிடம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கும் ஒருவரும் சொன்னதில்லை. அவள் மனசுக்குள் வழி தேடிக்கொண்டிருக்கும்போதே, தன் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம் என்று ரோசம்மா கூப்பிட்டாள். பாண்டீஸ்வரி இரண்டு தடவை வேண்டாம் என்று மறுத்துவிட்டு மூன்றாவது தடவை சரி சொல்லலாம் என்றிருந்தாள். அதற்குள் கருத்தம்மா பையோடு கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

“சாப்பாடு இல்லாத ஊர்ல நமக்கென்ன சோலி, வெரசா எறங்கு மதினி” என்றாள்.

ஹர்த்தால் நாள் அப்படி ஒன்றும் பயங்கரமாக இல்லை. தண்ணீரில் ஒரு போட்டுச் சத்தமும் கிடையாது. வாத்துகள்தான் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. வேலைக்குப் போக வழியில்லாததால் ரோசம்மாவின் குழுப் பெண்கள் அத்தனை பேரும் சின்னச் சின்ன வள்ளங்களில் துடுப்புப் போட்டு வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பாத்திரம். மரவள்ளிக்கிழங்கு ஒருத்தி, மீன் குழம்பு ஒருத்தி. கருத்தம்மா தன் ஏலக்காயைப் பிரித்து, நல்ல காய் எது, சாயம் ஏற்றிய காய் எது என்று விரலால் உருட்டிக் காட்டிக்கொண்டே எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தாள். அவள் பேசியது தமிழ், அவர்கள் பேசியது மலையாளம். ஒருவரும் இன்னொருவரை நிறுத்தி அர்த்தம் கேட்கவில்லை.

பிறகு எல்லோரும் பாண்டீஸ்வரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவள் இத்தனை வருஷம் சொல்லி வந்த மாதிரி இல்லை இது. ஒவ்வொரு பதிலும் அவள் காலிலும் கையிலும் இருந்தது. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் அட்டைப்பூச்சி உண்டு, உப்பைத் துணியில் கட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், வளைவில் எதிரே வருகிற வண்டியின் விளக்குதான் தெரியும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். வாந்தி வருகிறவர்கள் ஜீப்பில் பின்னால் உட்காரவே கூடாது. சின்னக்கானல் பக்கம் யானை வந்து நின்றால் ஹாரன் அடிக்காமல் அது போகிறவரைக்கும் சும்மா இருக்க வேண்டும். ஒருமுறை பாண்டித்துரை முக்கால் மணி நேரம் சும்மா இருந்தான், அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான் என்றதும் பெண்கள் குலுங்கினார்கள்.

கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி, பொட்டிபுரம் என்ற ஊரில் மலைக்குள் குடைந்து ஏதோ விஞ்ஞானக் கூடம் கட்டப்போவதாகப் படித்தேனே, அதைப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பாண்டீஸ்வரிக்கு அந்தப் பெயர் தெரியும், பொட்டிபுரம் பஸ்ஸைத் தினமும் பார்க்கிறாள். பழைய பழக்கத்தில் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“அது எனக்குத் தெரியாதும்மா. நான் அந்தப் பக்கம் போனதில்ல. விசாரிச்சுச் சொல்றேன்” என்றாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மறுநாள் முதல் போட்டில் அவர்கள் திரும்பினார்கள். மூன்று நாள் என்று போனவர்கள் மூணாறில் ஓர் இரவு தங்கி, ஐந்தாம் நாள் மெட்டில் இறங்கினார்கள். பாண்டித்துரை கடையைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தான், டீத்தூள் மட்டும் இரண்டு வாரத்துக்கு இருந்தது ஐந்து நாளில் தீர்ந்திருந்தது. வந்த அன்றைக்கே பாண்டீஸ்வரி அமுதவள்ளிக்குக் கடலைப் பற்றி அரைமணி நேரம் போனில் சொன்னாள். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, மாசி முடிவதற்குள் மறுபடி ஒருதரம் போய்விட்டு வா, ஸ்டேஷனில் இறங்கி நேராகக் கடலுக்கு நட என்று முடித்தாள்.

அதற்குப் பிறகு கடையில் வழி கேட்டவர்களுக்கு ஆலப்புழையைத் தான் பார்த்ததாகவும், வர்க்கலைக் கடற்கரையைப் பற்றிக் கேட்டதாகவும் பிரித்தே சொன்னாள். யாரும் டீ குடிக்காமல் போனதில்லை.

நெல் அறுப்பு முடிந்த கையோடு ரோசம்மாவின் குழு கிளம்பி வந்தது. பாண்டித்துரை பூப்பாறையிலிருந்து இரண்டு நடையாகப் பதினாலு பேரையும் மெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அங்கிருந்து போடிக்கு இறங்கி, கருத்தம்மா வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. பெண்கள் வண்டியை விட்டிறங்கியதும் ஓடிப்போய் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ரோசம்மா கடைசியாகப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே நாலாயிரம் அடிக்குச் சரிவு. ரோடு மடிந்து மடிந்து இறங்கி, எங்கேயோ அடியில் போடி டவுன் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. கடல் மட்டத்துக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த ரோசம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கருத்தம்மா போய் அவள் பக்கத்தில் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரி டீ கொண்டுவந்து கொடுத்து, பயமாயிருந்தால் இறங்க வேண்டாம், இப்படியே பூப்பாறைக்குத் திரும்பிவிடலாம், தப்பில்லை என்றாள். ரோசம்மா பாதி டீயைக் குடித்தாள். எத்தனை வளைவு என்று கேட்டாள். பதினேழு என்று பாண்டீஸ்வரி சொன்னாள். ரோசம்மா மீதி டீயையும் குடித்து முடித்தாள். முன் சீட்டில் உட்காருகிறேன், ஆனால் யாராவது என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

பாண்டீஸ்வரி அடுப்பை அணைத்துக் கடையைச் சாத்திவிட்டு, முன் சீட்டில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.